கேரியரில் ஒரு சண்டை

ஒரு காலர் கோணலாய்ப் போனதில் தொடங்கிய சண்டை. தையல்காரருக்கும் மனைவிக்கும் ஒன்பது நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் கடைக்கு ஒரே சைக்கிளில்தான் போனார்கள்.

சாலை என்று பேர்தானே தவிர, வழி முழுக்கக் குண்டும் குழியும். கேரியரில் இருப்பவள் விழுந்து தொலைக்கக் கூடாதே என்று, ஒவ்வொரு குழிக்கும் முன்னால் அவர் "பள்ளம்" என்பார். அவள் அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் சண்டையிலிருந்து விலக்கு.

பத்தாம் நாள் பார்த்தால், புதுத் தார் போட்டுச் சாலையை மழமழவென்று ஆக்கியிருந்தார்கள். பாதி வழி வரை வாயைத் திறக்க அவருக்கு வேலையே இல்லை. பெரிய குழி இருந்த வளைவு வந்ததும், "பள்ளம்" என்றார்.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தலையை நீட்டிச் சாலையைப் பார்த்தாள்.

"எங்கேங்க பள்ளம்?" என்றாள், பிடியை விடாமல்.

"வரும், பிடிச்சுக்கோ."