கிலோக் கணக்கில் ஒரு படிப்பு

மனிதகுல வரலாற்றில் இதுவரை எந்தச் சான்றிதழும் இரண்டு இரும்புத் துண்டுகளை ஒட்டவைத்ததில்லை. இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தவர் என் அப்பா. அதை அவர் உலகுக்கு அறிவித்த இடம் எங்கள் பட்டறை வாசல். அப்போது அங்கிருந்த உலகம் நான், அக்கா, டீ கொண்டுவந்த ஆள் என மூன்று பேர்.

அப்பா கேட் செய்கிறவர். ஜன்னல் கம்பி, மாடிப்படி, தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு என்று மற்றவையும் செய்வார். ஆனால் மனம் கேட்டில்தான். ஒவ்வொரு வேலையையும் முடித்ததும் அதை இரண்டு தட்டு தட்டி, "இது பர்மனென்ட்" என்பார். அதனால் தெருவில் அவருக்குப் பெயரே பர்மனென்ட் ஆகிவிட்டது. எங்கள் தொழிலில் கேட்டை அழகுக்கோ அளவுக்கோ விற்பதில்லை, எடைக்குத்தான் விற்பது. ஆகவே எங்கள் வீட்டு நாணயம் கிலோ. என் கல்லூரிக் கட்டணம் வருஷத்துக்கு இருநூறு கிலோ என்பதை நான் படிக்கப்போன முதல் நாளே அப்பா சொல்லிவிட்டார். ஒரு நல்ல இரட்டைக் கதவு கேட்டை நான் வருஷாவருஷம் தின்று தீர்க்கிறேன் என்ற எண்ணம் அவருக்கு உண்டு.

அக்கா பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு பட்டறைக்கு வந்தவள். ஐந்து வருஷமாக வெல்டிங் முகமூடிக்குள்தான் இருக்கிறாள். அன்று டீ நேரத்தில் அவள் முகமூடியைத் தூக்கிவிட்டு ஒரு விஷயத்தைச் சொன்னாள். மெயின் ரோட்டில் இருக்கும் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் படிப்பு, ஒரு வருஷம். முடித்துச் சான்றிதழ் வாங்கினால்தான் பாய்லர் கம்பெனியில் சேர்ப்பார்கள். சேர்க்கை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குத்தான் அப்பா மேற்படி உண்மையைக் கண்டுபிடித்தார்.

"வெல்டிங்க பெஞ்சுல உக்காந்து படிப்பாங்களா பாப்பா? அப்புறம் மூச்சு விடறதுக்கும் ஒரு கோர்ஸ் வரும். அதுக்கும் ஃபீஸ் கட்டச் சொல்லுவே."

"அப்பா, இங்க எனக்கு எல்லாம் கேட்டுதான். சனங்க தெறக்கறாங்க, மூடறாங்க. எனக்கு பாய்லர் பண்ணணும். உள்ள அழுத்தம் இருக்கணும். ஜாயின்ட் விட்டா ஊரே ஓடணும்."

"ஊரு ஓடறதுக்கா நான் ஃபீஸ் கட்டணும்?"

"விடாதுப்பா. அதான் விஷயமே."

அக்கா இதைச் சிரிக்காமல் சொன்னாள். எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவள் அவள். அப்பாவும் அதைக் கவனித்திருக்க வேண்டும். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டேய், காமர்ஸ். கணக்கு போடு. லாபம்னா போகட்டும். நஷ்டம்னா இந்தப் பேச்சே இங்க எடுக்கக் கூடாது. சரியா பாப்பா?"

"சரிப்பா" என்றாள் அக்கா.

ஆக, என் அக்காவின் எதிர்காலம் என் கைக்கு வந்தது. நான் இதற்குத் தகுதியானவன். செலவுக் கணக்கியல் தாளை மற்ற மாணவர்கள் ஒரே ஒரு முறைதான் எழுதினார்கள். நான் மூன்று முறை எழுதி, அதன் ஆழத்தை உணர்ந்தவன். யாருடைய கேட்டுக்கோ வாங்கி வைத்திருந்த இரும்புத் தகட்டைச் சுவரில் சாய்த்து, அளவு குறிக்கும் சாக்கட்டியால் நடுவே கோடு போட்டேன். இடது பக்கம் செலவு, வலது பக்கம் வரவு.

படிப்புக் கட்டணம், தோல் கையுறை, பூட்ஸ், பஸ் எல்லாம் சேர்த்து ஐந்நூறு கிலோ கேட் வந்தது.

"பசியையும் எழுது" என்றார் அப்பா. "படிக்கறவங்களுக்குப் பசி ஜாஸ்தி. உன்ன வெச்சுத்தான் சொல்றேன்."

பசிக்கு நூறு கிலோ எழுதினேன். வலது பக்கம், பாய்லர் கம்பெனிச் சம்பளம் மாதத்துக்கு இருநூறு கிலோ. வேலைக்குச் சேர்ந்த மூன்றே மாதத்தில் போட்ட முதல் திரும்பிவிடும். மறுபடி வேலைக்குக் குனிந்திருந்த அக்கா முகமூடிக்குள்ளேயே விசில் அடித்தாள்.

அப்பா தகட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"ஒண்ண விட்டுட்டியேடா. இவ போயிட்டா இங்க யாரு வேலை செய்வா? அது செலவு இல்லையா?"

செலவுதான். நான் மூன்று முறை எழுதிய தாளில் மூன்று முறையும் கோட்டைவிட்ட இடமே அதுதான். "ஆமாப்பா. எவ்வளவு எழுதட்டும்?"

அப்பா தாராளமாக ஆரம்பித்தார். "செங்குத்து ஜாயின்ட் பூரா அவதான். மாடிப்படி அவதான். தலைக்கு மேல கைய வெச்சு அடிக்கற வேலை, எனக்குக் கழுத்து வலி, அதுவும் அவதான். பேரம் பேசற கஸ்டமரை வழிக்குக் கொண்டுவர்றது யாரு? நானா? நான் பேசினா சண்டை. எழுதுடா, மாசம் நானூறு கிலோ!"

எழுதினேன். கணக்கு தலைகீழாகப் புரண்டது. மாதம் நானூறை விட்டுவிட்டு இருநூறுக்குப் போகிறவள், உலகம் அழியும் வரை வேலை பார்த்தாலும் நஷ்டம் தீராது. அப்பா தொடையில் தட்டினார். எல்லாருக்கும் இன்னொரு டீ சொன்னார். தகட்டைக்கூட இரண்டு தட்டு தட்டினார்.

அக்கா முகமூடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அப்பா, நான் மாசம் நானூறு கிலோவா?"

"பின்ன? அதுக்கு மேலயே சொல்லலாம்."

"வந்து அஞ்சு வருஷம் ஆச்சு."

"ஆமா, அஞ்சு வருஷமா..." என்று பெருமையாக ஆரம்பித்த அப்பா, பாதி வழியில் நின்றார்.

"தம்பி, பெருக்கு" என்றாள் அக்கா.

பெருக்கினேன். தகட்டில் இடம் போதவில்லை. பெயின்ட் அடிக்கத் தயாராக நின்ற ஒரு கேட்டின் மேல் விடையை எழுத வேண்டியதாயிற்று. இருபத்து நாலு டன், அக்காவுக்கு ஐந்து வருஷமாகக் கொடுக்காத சம்பளம். அப்பா பட்டறையை விற்று, கூரையை விற்று, தன் ஸ்கூட்டரையும் என்னையும் விற்றாலும் அவ்வளவு தேறாது. என்னை விற்பதில் அவருக்குத் தயக்கம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அந்தத் தொகையில் என் பங்கு மிகக் குறைவு என்பதுதான் சிக்கல்.

"நானூறு ஏதோ வாய் தவறி வந்துடுச்சு" என்றார் அப்பா. "நூறுன்னு போடு."

நூறு என்று மாற்றினேன். உடனே படிப்பு லாபமாகிவிட்டது. அதைச் சொன்னேன்.

"அப்ப முந்நூறு."

"நஷ்டம்தான். ஆனா பாக்கி பதினெட்டு டன்."

"நூத்தம்பது?"

"லாபம். பாக்கி ஒம்பது டன்."

அப்பா தகட்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் நின்று மாறி மாறிப் பார்த்தார். மகள் மதிப்பை ஏற்றினால் கடன்காரன். இறக்கினால் ஃபீஸ் கட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து அம்மா சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். எதற்கு இவ்வளவு சாக்கட்டி என்று கேட்டாள். நான் விளக்கினேன். அம்மா கூடையைக் கீழேகூட வைக்கவில்லை.

"ஏங்க, நானூறோ நூறோ, ஏதாவது ஒண்ணச் சொல்லிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது. எனக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு போடச் சொல்லணும். கல்யாணத்துல இருந்து."

அப்பாவின் முகத்தில் அப்படி ஓர் அச்சத்தை நான் கண்டதில்லை.

"பாப்பா, நீ சேந்துக்கோம்மா" என்றார்.

"பாக்கிய நான் விட்டுடறேன்பா" என்றாள் அக்கா பெருந்தன்மையாக. வெள்ளிக்கிழமை ஃபீஸ் கட்டியாயிற்று.

அக்கா போன பிறகு பட்டறை ஒரு மாதிரி ஆகிவிட்டது. கஸ்டமர்கள் வந்து, "பொண்ணு இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் வருவதாகச் சொல்லிப் போனார்கள். அப்பா தலைக்கு மேல் கையை வைத்து அடித்த ஜாயின்டில் பாதி, உருகிய சொட்டாகச் சட்டைக் காலருக்குள் விழுந்தது. ஒரு நாள் மத்தியானம் கையுறையைக் கழற்றி எறிந்தார்.

"வாடா. அங்க அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்கன்னு பாத்துட்டு வரலாம். ஃபீஸ் கட்டினவனுக்குக் கேக்க உரிமை இருக்கு."

பயிற்சி நிலையத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தடுப்பு. முன்னால் தடித்த சிவப்புத் திரை. மூலையில் ஒரு வளைக்கும் மெஷின். ஒட்டிய தகட்டை அதில் கொடுத்து, ஒட்டின இடத்திலேயே லாடம் மாதிரி வளைக்கிறார்கள். விரிசல் விட்டால் ஃபெயில். நாங்கள் போனபோது அக்காவின் தகடு ஓரத்தில் லேசாகப் பிளந்தது. அவள் "அய்யோ" என்று சிரித்துவிட்டு அடுத்த தகட்டை எடுத்துக்கொண்டு திரைக்குள் போனாள்.

"இப்படியா வளைப்பாங்க?" என்றார் அப்பா. "எந்தக் கஸ்டமராவது கேட்டை இப்படி வளைச்சுப் பாப்பானா?"

பயிற்சி கொடுக்கும் அம்மாள் கோபப்படவில்லை. "நீங்க ஒண்ணு போட்டுப் பாக்கறீங்களா சார்?" என்றார்.

அப்பா இதற்காகத்தான் வந்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது. திரைக்குள் போனவர், ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார். ஒட்டு அவ்வளவு அழகு. நாணயங்களைச் சரித்து அடுக்கிய மாதிரி. பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் மெஷினில் கொடுத்தார். தகடு பாதி வளைவதற்குள் கொட்டாவி விடுவதைப் போல வாயைத் திறந்தது.

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்றார் அப்பா.

இன்னொன்று போட்டார். அதுவும் கொட்டாவி விட்டது.

அக்கா திரையை விலக்கிப் பார்த்தாள். ஏதாவது கிண்டல் செய்வாள் என்று நான் காத்திருந்தேன். அவள் அப்பாவின் தகட்டை வாங்கி, பிளந்த இடத்தை வெளிச்சத்தில் காட்டினாள்.

"மேல சூப்பரா இருக்குப்பா. அடி வரைக்கும் போகல. எனக்கும் முதல்ல இப்படித்தான் வந்துச்சு."

திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா, தெருவில் தான் மாட்டிய கேட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஸ்கூட்டர் ஓட்டினார். ஒன்றும் விழுந்திருக்கவில்லை.

அதற்கடுத்த வாரத்திலிருந்து அப்பா சாயங்காலமானால் கம்பி வாங்கப் போனார். தினமும் போனார், கம்பி மட்டும் வரவில்லை. அக்காவும் அதே நேரத்தில் பயிற்சிக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் தங்க ஆரம்பித்தாள்.

ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. அக்காவுக்குக் குடை கொண்டுபோனேன். வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கான மாலை வகுப்பு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. பெரும்பாலும் என் வயதுப் பையன்கள். பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சி கொடுக்கும் அம்மாள் வருகைப் பதிவு எடுத்தார். முன்வரிசை ஓரத்தில், தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரிய ஓர் ஆள், தன் எண் வந்ததும் எழுந்து நின்றார்.

"உள்ளேன் அம்மா" என்றார் என் அப்பா.