வந்த பிறகு அனுப்பியவை

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் குழாய்க்குள் அனுப்பப்பட்ட பன்றி, அதற்கு முந்தைய நாள் மாலை நான்கே காலுக்கே மறுமுனையில் வந்து சேர்ந்தது. எரிவாயுக் கம்பெனிக்கு அது ஏழாவது வருடம். மறுமுனையில் அன்று வேலையில் இருந்த ஆபரேட்டர் கதவைத் திறந்து, பன்றியை வெளியே இழுத்து, தண்ணீர் அடித்துக் கழுவி, பதிவேட்டில் நேரத்தை எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார். நாளைக்கு அனுப்பவேண்டியது இன்றைக்கே வந்துவிட்டது என்பதைத் தவிர அதில் வேறு குறை ஒன்றும் இல்லை.

பன்றி என்பது ரப்பரால் செய்த உருளை. ஒரு ஆளின் இடுப்பளவு உயரம், சுற்றிலும் கம்பித் தூரிகைகள். எரிவாயு பின்னாலிருந்து தள்ள, அது குழாயின் உட்சுவரைச் சுரண்டித் துருவையும் தேங்கிய நீரையும் முன்னால் தள்ளிக்கொண்டு போகும். போகிற வழியில் மண்ணுக்கடியில் அது போடும் சத்தத்தைக் கேட்டவர்கள் ஏன் அந்தப் பெயர் என்று கேட்கமாட்டார்கள். கம்பெனியின் குழாய் எரிவாயு வயலில் தொடங்கி நூற்று நாற்பது கிலோமீட்டர் ஓடி நகரத்தின் ஓரத்தில் முடிந்தது. பன்றியை ஏற்றும் நிலையத்தைத் தலை என்றும் இறக்கும் நிலையத்தை வால் என்றும் சொன்னார்கள். அனுப்புகிற தேதியையும் நேரத்தையும் குத்திய தகர வில்லை ஒன்று ஒவ்வொரு பன்றியின் முகப்பிலும் தொங்கும்.

ஆரம்பத்தில் அந்தப் பயணத்துக்குப் பத்தொன்பது மணி நேரம் பிடித்தது. மூன்றாம் வருடம் பதினான்கு, நான்காம் வருடம் ஒன்பது. ஐந்தாம் வருடம் நாற்பது நிமிடத்தில் வந்தது. குழாய் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று தலைமை அலுவலகம் பாராட்டி, வால் நிலையத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தது. ஆறாம் வருடம் தலையில் வால்வைத் திறந்த அதே நொடியில் வாலில் மணி அடித்தது. அப்போதாவது யாராவது யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை, வேலை சீக்கிரம் முடிவதில் யாருக்கும் வருத்தம் இல்லை. ஏழாம் வருடத்துக்குப் பிறகு, வந்து சேர்ந்த பன்றியை வாலில் கொட்டகைக்குள் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தார்கள். அதே பன்றி, அதே கீறலோடு, தலையிலும் அனுப்பப்படாமல் நின்றுகொண்டிருக்கும். வில்லையில் உள்ள நேரத்துக்கு அங்கே அனுப்பியதும் கணக்கு நேராகிவிடும். பிறகு லாரியில் ஏற்றித் தலைக்குத் திருப்பி அனுப்புவார்கள்.

ஒன்பதாம் வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு இன்ஜினியர், வந்துவிட்ட பன்றியை எதற்கு மறுபடி அனுப்பவேண்டும் என்று கேட்டார். அந்த முறை அது ஆறு நாள் முன்னதாக வந்திருந்தது. கேள்வியில் தப்பில்லை. வில்லையில் இருந்த நேரம் வந்தது, அவர் பேச்சைக் கேட்டுத் தலையில் யாரும் எதையும் தொடவில்லை. அந்த நிமிடமே கொட்டகையில் இருந்த பன்றி இல்லாமல் போய், தார்ப்பாய் மெல்லத் தரையில் படிந்தது. கூடவே, அதைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்து அந்த ஆறு நாளும் நகரத்தில் எரிந்த எரிவாயு எல்லாம் எரியாததாகிவிட்டது. பேக்கரி அலமாரிகளில் ரொட்டி மாவாகச் சரிந்தது. காய்ச்சிய பால் பச்சைப் பாலானது. கண்ணாடித் தொழிற்சாலையிலிருந்து கிளம்பிப் போன லாரிகளில், புட்டிகள் இருந்த பெட்டிகளிலெல்லாம் மணல். வயிற்றுக்குள் போயிருந்ததற்கும் விலக்கு இல்லை. ஜனங்கள் தெருவோரம் குந்திப் பச்சை மாவை வாந்தியெடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் அந்த வாரம் ஆபரேஷன் நடந்தவர்கள் பாடுதான் மோசம். அவர்களை அறுத்த கத்திகள் கொதிநீரையே பார்க்காதவையாகிவிட்டன. சாயங்காலத்துக்குள் பதினோரு பேர் செத்தார்கள். இன்ஜினியர் ராஜினாமா செய்துவிட்டுச் செருப்புக்கடை வைத்தார். கம்பெனி இரண்டு வரியில் ஒரு சுற்றறிக்கை விட்டது. வந்து சேர்ந்த பன்றியை அனுப்பாமல் விடக்கூடாது. எந்தக் காரணமும் ஏற்கப்படமாட்டாது.

பன்னிரண்டாம் வருடம் தலையில் வேலை பார்த்தவரும் வாலில் வேலை பார்த்தவனும் மச்சான், மாப்பிள்ளை. வால்காரனுடைய அக்காவைத் தலைக்காரர் கட்டியிருந்தார். தினமும் காலையிலும் மாலையிலும் நிலைய டெலிபோனில் அழுத்த அளவுகளைச் சொல்லிக்கொள்ளவேண்டும் என்பது விதி. அளவு சொல்ல ஒரு நிமிடம், மீதி நேரம் கிண்டல். அந்த வருடம் ஒரு பன்றி ஐந்து மாதம் முன்னதாக வந்தது. வால்காரன் வில்லையைப் படித்துவிட்டுத் தண்ணீர் அடித்தபோது தூரிகைக் கம்பிகளுக்கிடையில் ஒரு தோல் கையுறை சிக்கியிருந்தது. வலது கை. மணிக்கட்டில் தலைக்காரரின் பணி எண். கட்டைவிரல் ஓரம் பிரிந்து, கம்பெனியின் கறுப்பு நூலுக்குப் பதிலாகப் பச்சை நூலால் தைத்திருந்தது. அதற்குள் கட்டைவிரல் இருந்தது. எப்போதோ சுத்தியல் பட்டுப் பாதி கறுத்த நகம், மச்சானுடையதுதான். பன்றியில் ஒட்டிவரும் எதையும் பதிவேட்டில் எழுதவேண்டும். அவன் எழுதவில்லை. கொட்டகைக்குப் பின்னால் வேலியோரம் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கையைக் கழுவும்போது டெலிபோன் அடித்தது.

"வந்துருச்சா மாப்ள?"

"வந்துருச்சு மச்சான்."

"எப்ப அனுப்பப் போறேனாம்?"

"அஞ்சு மாசம் கழிச்சு. பதினெட்டாம் தேதி, காலைல பத்து மணி."

"அப்ப அதுவரைக்கும் என்னை வேலையை விட்டுத் தூக்கமாட்டானுங்க," என்று தலைக்காரர் சிரித்தார்.

எப்படியாவது இந்த ஒரு பன்றியை அனுப்பாமல் நிறுத்திவிடவேண்டும் என்றுதான் வால்காரன் முதலில் நினைத்தான். மேனேஜருக்கு மூன்று முறை விண்ணப்பம் எழுதிக் கிழித்துப் போட்டான். ஊரே ஐந்து மாதச் சாப்பாட்டை வாந்தியெடுத்தால் எடுக்கட்டும் என்றுகூட நினைத்தான். ஆனால் ஒரு மாதம் கழித்து அவன் மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. ஒன்றே கால் கிலோ. ஆஸ்பத்திரியில் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் முப்பத்தெட்டு நாள் வைத்திருந்தார்கள். பெட்டிக்கு அடியில் வெந்நீர்க் குழாய், வெந்நீருக்குக் கொதிகலன், கொதிகலனுக்குக் கம்பெனியின் எரிவாயு. பன்றி அனுப்பப்படாவிட்டால் அந்த முப்பத்தெட்டு நாளின் சூடும் குழந்தையின் உடம்பிலிருந்து இறங்கிப் போய்விடும். இது புரிந்த பிறகு அவன் விண்ணப்பம் எழுதவில்லை. தினமும் டெலிபோனில் மச்சான் அழுத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் பாப்பாவின் எடையைக் கேட்டார். அவனும் கிராம் கணக்கில் சொன்னான். தான் செய்வது நியாயம் என்று அவன் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. உடம்பு இளைத்தது. குழந்தை பெற்றவள் தேறிவிட்டாள், இவன்தான் பிள்ளை பெற்றவன்போல் கிடக்கிறான் என்று மாமியார் கேலி செய்தாள்.

பதினெட்டாம் தேதிக்கு ஒரு வாரம் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை பகலில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். ஜன்னலோரம் உட்கார்ந்து அக்கா கையுறை தைத்துக்கொண்டிருந்தாள். அவன் வாசற்படியிலேயே நின்றான்.

"ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"கறுப்பு நூல் இல்லையாக்கா?"

"தீர்ந்துபோச்சு. கையுறைக்கு என்ன பொண்ணு பார்க்கவா வர்றாங்க, கலர் பொருத்தம் பார்க்க?"

அவன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். புதைத்த இடம்வரை சொன்னான். அக்கா ஊசியைக் கையுறையில் குத்திவைத்தாள். முடித்ததும் அவன் மடியிலிருந்த குழந்தையை வாங்கி, சமையலறை வாசலில் கேட்டுக்கொண்டு நின்ற கணவரிடம் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து தம்பியை ஒரு அறை அறைந்தாள். தலைக்காரர் குழந்தையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அனுப்பாமல் விட்டால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. குழந்தை அவருடைய வலது கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. பதினெட்டாம் தேதி வேலைக்குத் தானே போவதாகவும், வேறு ஆளை அனுப்பினால் அந்த ஆளோடு தன் விரலும் எப்படியாவது போய்ச் சேரும் என்றும், அதைவிட நேராகப் போவதே மேல் என்றும் அவர் சொன்னார். ஏற்றும் அறையின் கதவைத் திறக்கும்போது உள்ளே கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருந்தாலும் கதவு ஆளை அடித்துக்கொண்டு போய்விடும். அப்படிச் செத்த இரண்டு பேரை அவருக்குத் தெரியும். தனக்கு அதுதான் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

அக்கா மட்டும் முடிவு செய்யவில்லை. மறுபடி ஜன்னலோரம் வந்து தம்பிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன வந்துச்சு, ஒழுங்கா சொல்லு."

"கையுறை. உள்ள கட்டைவிரல்."

"வேற? சட்டைத் துணி, முடி, ரத்தம்?"

"இல்லக்கா. கம்பி கம்பியா விலக்கிப் பார்த்தேன்."

"அப்ப அவ்வளவுதான் போகணும்," என்றாள். "வந்ததைக் கொடுத்துடுவோம். மீதி மனுஷன் நம்மளோட."

மறுநாள் மூன்று பேரும் மேனேஜரைப் பார்த்தார்கள். கையுறையைப் பதிவேட்டில் ஏன் எழுதவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய குறையாக இருந்தது. அந்த இடத்திலேயே எழுதவைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கம்பெனி டாக்டர் நல்ல விரலை வெட்ட முடியாது என்று அடம்பிடித்தார். மேனேஜர் பணி நிமித்தம் என்று ஒரு கடிதம் கொடுத்தார், டாக்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கோப்பில் போட்டார். இடது கையாக இருந்திருந்தால் தேவலை என்று தலைக்காரர் சொன்னதற்கு டாக்டர் மட்டும் சிரித்தார். பதினேழாம் தேதி காலை மரத்துப்போக ஊசி போட்டு விரலை எடுத்தார்கள். அக்கா அதைப் பச்சை நூல் போட்ட கையுறைக்குள் நுழைத்து, ஐஸ் வைத்த டப்பாவில் மூடி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தலை நிலையத்துக்குப் போனாள். பக்கத்துச் சீட்டில் தலைக்காரர் கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார்.

பதினெட்டாம் தேதி காலை அழுத்தமானி பூஜ்யம் காட்டியது. அக்கா அதை நம்பவில்லை. கதவுத் தாழில் கயிறு கட்டி, சுவருக்குப் பின்னால் நின்று இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். கதவு பிய்த்துக்கொண்டு பறந்து எதிர்ச் சுவரில் மோதியது. மார்பு உயரத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. பள்ளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். ஸ்டோரிலிருந்து வேறு கதவு கொண்டுவந்து பொருத்தினார்கள். தலைக்காரர் இடது கையால் வில்லையில் தேதியைக் குத்தினார், எழுத்து கோணலாக விழுந்தது. வாலில் ஐந்து மாதமாகக் கிடந்த வில்லையிலும் எழுத்து கோணல்தான், அதை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. அக்கா கையுறையைத் தூரிகைக்குள் திணித்தாள். சரியாகப் பத்து மணிக்கு வால்வைத் திறந்தார்கள்.

வால்காரன் அன்று வேலைக்குப் போகவில்லை. வீட்டில் தரையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டு, அதன் வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தான். அவன் மனைவிக்கு விஷயம் தெரியாது. குழந்தைக்குக் காய்ச்சலா என்று கேட்டாள், இல்லை என்றான். பத்து மணி ஆனது. பத்து மணி ஐந்து நிமிடம் ஆனது. உள்ளங்கைக்கு அடியில் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு மடி வெதுவெதுப்பாக நனைந்தது. அவன் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். துணி மாற்றக்கூடத் துப்பில்லாத மனுஷன் என்று மனைவி திட்டிக்கொண்டே வந்து குழந்தையைத் தூக்கினாள்.

கம்பெனி சுற்றறிக்கையைத் திருத்தியது. பன்றியோடு வருவது எதுவானாலும் உரியவருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கவேண்டும், உரியவர் அந்தப் பொருளை உரிய தேதியில் கொண்டுவந்து தரவேண்டும். ஒரு பல் வந்தது, ஒரு மூக்குக்கண்ணாடி வந்தது, ஒரு முறை ஒரு காது வந்தது. எல்லாரும் கொடுத்தார்கள். தலைக்காரருக்குப் பதிவேட்டு வேலை கொடுத்தார்கள். இடது கையில் எழுதப் பழகிக்கொண்டார். தூரிகைகளைக் கம்பி கம்பியாகப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று முடிவானபோது அக்காவைத்தான் வாலில் வேலைக்குச் சேர்த்தார்கள். கொண்டை ஊசியால் ஒவ்வொரு கம்பியாக விலக்கிப் பார்ப்பாள். அவள் பார்த்து முடிக்காமல் அங்கே யாரும் சாப்பிடப் போவதில்லை. பதினைந்தாம் வருடம் வந்த ஒரு பன்றியின் வில்லையில் இருபத்திரண்டு வருடம் கழித்து வரும் ஒரு தேதி குத்தியிருந்தது. தூரிகைக்குள் ஒரே ஒரு முடி, முழங்கை நீளம், முழுக்க நரைத்தது. அவள் தன் பின்னலை முன்னால் இழுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தன்னுடையது இன்னும் கறுப்புதான், ஆனால் அதே சுருள். யாருடையது என்று தம்பி கேட்டான்.

"என்னோடதுதான். நரைக்க நாளாகும்," என்று சொல்லி, முடியை ஒரு உறையில் போட்டு, மேலே தேதியை எழுதி, சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள்.