நான்கு நாளும் நாற்பத்திரண்டு

அமைச்சர் சட்டசபையில் படித்தது என் எழுத்தை.

"நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு. நான்கு நாளும் ஒரு விரற்கடை ஏறவில்லை. தீர்ப்பாயம் சொன்னபடி திறந்துவிட்டோம் என்கிறார்களே மேல் மாநிலத்தார், அந்தத் தண்ணீர் எங்கே போனது? ஆவியாகிவிட்டதா?"

மேசைகளைத் தட்டும் சத்தம் தொலைக்காட்சியிலிருந்து வந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம ரெஜிஸ்டர்," என்றார் அம்மாவிடம்.

"எனக்கும் காது இருக்கு," என்றாள் அம்மா. "கால நீட்டி உக்காருங்க, முட்டி வீங்குது."

நான் துணி மடிப்பதுபோல் அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

அப்பாவுக்கு வேலை ஆற்றின் மட்டம் பார்ப்பது. பாலத்துக்குக் கீழே, சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக வண்ணம் அடித்த கம்பம் ஒன்று தண்ணீருக்குள் நிற்கிறது. தினமும் காலை எட்டு மணிக்கு அதில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதி, அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். படி வழுக்கி அப்பாவின் முட்டி பெயர்ந்ததிலிருந்து நான்தான் போகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடு இருந்தேன். வேறு யார் போவது? பார்ப்பதும் எழுதுவதும் நான். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். இது அலுவலகத்துக்குத் தெரியாது.

மேல் மாநிலம் தண்ணீர் திறந்த அதே வாரத்தில்தான் ஆற்றுக்குப் போகும் சந்தின் வாயில் தண்ணீர் கேட்டுப் போராட்டப் பந்தல் போட்டார்கள். ஆறு அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. பந்தலைத் தாண்டிக் கால் மைல் நடக்க வேண்டும். முதல் நாள் நான் பதிவேட்டோடு போனபோது நாற்காலியில் இருந்த ஒருவர், "அளவுகாரர் பொண்ணுதானே? வாம்மா, தண்ணி எவ்வளவுன்னு கேமராவப் பார்த்துச் சொல்லு," என்றார். கேமராக்காரர் என் பக்கம் திரும்பினார். அறுபது எழுபது ஆண்கள். திரும்பி நடந்தேன். தபால் நிலையத்துச் சுவரில் பதிவேட்டைச் சாய்த்து, முந்தின நாள் எழுதிய நாற்பத்திரண்டையே மறுபடி எழுதினேன். வறட்சியில் வாரத்துக்கு ஒரு கோடு மாறினாலே அதிகம்.

"எவ்வளவு?" என்றார் அப்பா.

"நேத்து மாதிரிதான்."

அடுத்த மூன்று நாளும் அப்படியே. ஐந்தாம் நாள் பந்தல் நெடுஞ்சாலைக்கு மாறியது. நான் கீழே இறங்கினேன். தண்ணீர் நாற்பத்து மூன்றில் நின்றது. ஆனால் கம்பத்தில் அறுபத்தொன்று வரைக்கும் சேறு காயாமல் பிசுபிசுத்தது. தண்ணீர் வந்து, ஒரு சாண் ஏறி, போயும்விட்டது. அத்தனை அகல ஆற்றில் ஒரு சாண் என்பது கொஞ்சநஞ்சமில்லை. பாலத்தில் போகிறவர்களுக்கு அது தெரியாது. தெரியாது என்பதால்தான் அங்கே கம்பமே நட்டிருக்கிறார்கள்.

நான் நாற்பத்து மூன்று என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தேன். யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

சட்டசபையில் படித்த மூன்றாம் நாள் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். அக்காவைக் கட்டிக்கொடுத்தது மேல் மாநிலத்தில். அத்தான் அங்கே அணையில் மதகு திறப்பவர். அப்பா ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் பேசுவார்.

"அப்பா, அவரை வேலையிலேர்ந்து நிறுத்தி வச்சிருக்காங்க. நாங்க ஆணை போட்டோம், மதகுக்காரன்தான் திறக்காம ஏமாத்திட்டான்னு அதிகாரிங்க சொல்றாங்க. உங்க கம்பத்துல ஏறவே இல்லையா?"

"ஏறலம்மா. உன் தங்கச்சி கண்ணால பார்த்து எழுதினது. மாப்பிள்ளை மதகுச் சக்கரத்த ரெண்டு சுத்து சுத்திட்டு டீ குடிக்கப் போயிருப்பாரு."

"தெருவுல ஒருத்தரும் பேசறதில்ல. மாமனார் ஊருக்குத் தண்ணிய அனுப்பிட்டான்னு பாதிப் பேர் திட்டறாங்க, அனுப்பாம நம்மள மாட்டிவிட்டான்னு மீதிப் பேர். நீங்களும் கிண்டல் பண்ணுங்க." அவள் குரல் உடைந்தது. "அவர் நாலு நாளும் மதகு மேலேயே படுத்துக்கிடந்தாருப்பா. சோறு நான் கொண்டுபோனேன்."

அப்பா பதில் சொல்வதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

"அப்பா, நான் போகலை," என்றேன்.

"எங்க?"

"கம்பத்துக்கு. அந்த நாலு நாளும். பந்தல்ல ஆளுங்க இருந்தாங்க." சேற்றையும் சொன்னேன்.

அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. தன் முட்டியைப் பார்த்தார். "எனக்கு ரிடையர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு," என்றார். பிறகு, "நாளைக்குக் கூட்டுக்குழு வருது. நீ வாயத் திறக்காத. நான் பேசிக்கறேன்."

"அப்ப அத்தான்?"

"சொன்னதைக் கேளு."

மறுநாள் இரண்டு மாநிலத்துப் பொறியாளர்களும் பாலத்தடிக்கு வந்தார்கள். அப்பா ஊன்றுகோலோடு என் தோளைப் பிடித்து முன்பே இறங்கியிருந்தார். எங்கள் பொறியாளர் அப்பாவின் தோளில் கைபோட்டுப் பேசினார். மேல் மாநிலத்துக்காரர் வயதானவர். கம்பத்தைத் தடவிப் பார்த்தார். சேறு காய்ந்து உதிர்ந்துபோயிருந்தது.

"நீங்களே இறங்கிப் பார்த்தீங்களா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"நானேதான், சார். ஏறலை."

அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அந்தப் பொய்யையும் அவர் ஒழுங்காகச் சொல்லவில்லை. ஊன்றுகோலை முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்தார். அதைப் பார்த்ததும்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அது என் எழுத்து, சார். நான் கீழ வரவே இல்லை," என்றேன்.

எங்கள் பொறியாளர் சிரித்தார். "சின்னப் பொண்ணு, பயத்துல உளறுது. நாலு மாவட்டத்துப் பயிர் இந்த எண்ணை நம்பித்தாம்மா இருக்கு. வீட்டுக்குப் போ."

பெரியவர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லும்மா."

சொன்னேன். ஐந்தாம் நாள் பார்த்த அறுபத்தொன்றையும் சொன்னேன். அப்பாவைப் பார்க்காமல் சொன்னேன். பெரியவர் அதை எழுதித் தரச் சொன்னார். படியில் உட்கார்ந்து எழுதினேன். நடுவில் ஒருமுறை எங்கள் பொறியாளர் யாரிடமோ தொலைபேசியில் பேசிவிட்டு, அப்பாவிடம், "ஆள் வச்சு எழுதினதுக்கு உங்க மேலதான் நடவடிக்கை வரும், தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும், சார்."

எழுதிய தாளை அப்பாதான் என் கையிலிருந்து வாங்கினார். கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"நாலு நாள்னு மொத்தமா எழுதினா செல்லாது," என்றார். "தேதியைத் தனித்தனியா போடு."

ஒவ்வொரு தேதியாகப் போட்டேன். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்; அதற்குக் கீழே அவர் போட்டுப் பெரியவரிடம் நீட்டினார். பிறகு என் தோளைப் பிடிக்காமல், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேற ஆரம்பித்தார். நான் இரண்டு படி பின்னால், அவர் விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் போனேன். சாலைக்கு வரும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.