அவள் நின்ற இடம்

வீட்டைவிட்டுப் போன அன்றைக்கு நடந்து போனோமா, ஓடிப் போனோமா என்பது அவளுக்கே இப்போது நிச்சயமில்லை. கையில் சூட்கேஸ் இருந்தது. அது பழுப்பு நிறம் என்று அவள் சொல்வாள், நீலம் என்று மகள் சொல்வாள். மகள் அப்போது பிறந்திருக்கவே இல்லை. ஒன்றில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் வந்ததில்லை. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் அதைச் சொல்லியிருக்கிறாள்.

"திரும்பிக்கூடப் பாக்கல. விறுவிறுன்னு போயிட்டே இருந்தேன்."

பக்கத்தில் கணவர் தலையாட்டுவார். "ஆமாமா. ராணி படையெடுத்துப் போன மாதிரி." எல்லோரும் சிரிப்பார்கள்.

அவர் இறந்து சில மாதங்கள் ஆகின்றன. அந்தச் சிரிப்பு இப்போது அவளை அறுக்கிறது. உண்மையாகவே இருக்கட்டும், அதை இத்தனை தடவை சொல்லியிருக்க வேண்டுமா? தன்னைத் திரும்பிக்கூடப் பாராமல் விட்டுப்போனவள் என்று மனதின் ஒரு மூலையில் வைத்துக்கொண்டே மனிதர் கடைசிவரை எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாரோ?

அப்படி இருக்கையில்தான் அவர் வேலை பார்த்த ஆய்வு நிலையத்திலிருந்து போன் வந்தது. கணவரின் பழைய மாணவன், இப்போது அங்கே பொறுப்பாளர். "அடுத்த மாசம் சாரோட ஆராய்ச்சி நிலத்து வேலிய எடுக்கறாங்கம்மா. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க."

மகளும் கூட வந்தாள். நிலையம் அப்படியே இருந்தது. மழை எப்போதாவது எட்டிப் பார்க்கும் வெட்டவெளி, ஆய்வுக்கூடம், அதன் பின்னால் அவர்கள் குடியிருந்த இரண்டு அறை. நிலத்தின் மேல் யானைத்தோல் போலக் கறுத்துச் சுருங்கிய ஒரு படலம். அதன்மேல் கால் படாமலிருக்கப் போட்ட ஒற்றைப் பலகைப் பாதையில் அவள் யாரும் சொல்லாமலே ஏறினாள். மகள் சிரித்தாள். "கடைத்தெருவுலகூட நம்ம மூணு பேரும் இப்படித்தாம்மா போவோம், வாத்து மாதிரி."

கல்யாணமான புதிதில் துணி காயப்போடுவதற்கும் அந்தப் பலகைமேல்தான் போக வேண்டும். ஒருநாள் அவளைப் பார்க்க அவள் அப்பா வந்திருந்தார். அவர் தையல்காரர். காற்றில் பறந்த துண்டைப் பிடிக்கப் பலகையைவிட்டு இறங்கிவிட்டார். "காலை எடுங்க!" என்று ஆய்வுக்கூட வாசலிலிருந்து மாப்பிள்ளை கத்திய கத்தலில், தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்பா கொக்கு மாதிரி நின்றார். வேலையாட்கள் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அப்பா ஊருக்குப் போன மறுநாள் காலையில் கேட்டாள். "மண்ணுக்குக் குடுக்கற மரியாதை எங்கப்பாவுக்குக் கிடையாதா?"

"அது வெறும் மண்ணு இல்ல," என்றார் அவர். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பார்.

அவர் உள்ளே போனதும் சூட்கேஸை எடுத்தாள். வேண்டுமென்றே பலகையைவிட்டு இறங்கி, அவருடைய ஆராய்ச்சி நிலத்தின் நட்டநடுவே மிதித்துக்கொண்டு பஸ் ரோட்டுக்குப் போனாள்.

அப்பாவின் கடையில் உட்கார்ந்து அந்த மண்ணைத் திட்டித் தீர்த்தாள். "கண்ணுக்கே தெரியாத உயிராம். நூல் நூலா இருக்குமாம். ஈரம் பட்டா முழிச்சு மேல ஊர்ந்து வருமாம். அது நகந்து போனப்புறமும், விட்டுட்டுப் போன உறை மணலைக் கோத்துப் பிடிச்சிருக்குமாம். இல்லேன்னா எல்லாம் காத்துல போயிடுமாம்."

தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அப்பாவின் கால் நின்றது. "நூலா? அப்ப அது தையல்தானேம்மா? நான் வெட்டி வச்ச துணிமேல எவனாவது நடந்தா சும்மா விடுவேனா? மாப்பிள்ளை கத்தினது சரிதான். என்ன, ஒத்தக்கால்ல நிக்க வச்சவரு ஒரு நாற்காலியாவது போட்டிருக்கலாம்."

ஒரு வாரத்தில் அவளாகவே திரும்பினாள். அவர் கோபப்படவில்லை. அவளுடைய காலடித்தடத்தின் இருபக்கமும் குச்சி நட்டிருந்தார். "எப்ப ஆறுதுன்னு பாக்கலாம்," என்றார். அதுவே பிறகு அவருடைய ஆராய்ச்சியாகிவிட்டது. பெண்டாட்டி கோபத்துக்கு ஸ்கேல் வைத்து அளந்து பேர் வாங்கிய மனிதர் என்று அவள் கேலி செய்வாள்.

இப்போது அந்த இடத்தில் தடம் எதுவும் தெரியவில்லை. எல்லாம் ஒரே கறுப்பு. மாணவன் தெளிப்பானை எடுத்துவந்து பலகையில் நின்றபடி தண்ணீரைத் தூவினான். மழையின் முதல் வாசனை எழுந்தது. சிறிது நேரத்தில் கறுப்புக்கு அடியிலிருந்து பச்சை கசிந்து வந்தது. அவள் நடந்த வழியெல்லாம் பச்சையாகிவிட்டது. ஆறிவிட்டது என்று நினைத்தபோது, நடுவே ஓரிடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. சுற்றிலும் நான்கு இரும்புக் கம்பிகள்.

"மிதிச்சு நின்ன இடம், அதான் இன்னும் ஆறல," என்றான் மாணவன். "சார் இத மட்டும் அளக்கவே மாட்டார்மா. கேட்டா, 'அது கணக்குல வராது, விடுப்பா'ம்பார். ஆனா வருஷா வருஷம் கம்பிக்கு அவரே பெயின்ட் அடிப்பார்."

மகள் குனிந்து பார்த்தாள். "இது யாரும்மா? விரல் நம்ம வீட்டப் பாத்துல்ல இருக்கு?"

இரண்டு பாதங்கள், அருகருகே. பக்கத்தில் ஒரு சிறு செவ்வகம். சூட்கேஸைக் கீழே வைத்திருக்கிறாள். திரும்பி, அந்த இரண்டு அறையைப் பார்த்து, பாதம் பதிய நெடுநேரம் நின்றிருக்கிறாள். எவ்வளவு யோசித்தும் அவளுக்கு அது ஞாபகம் வரவில்லை. அது தெரிந்தவர் கணவர் ஒருவர்தான். தெரிந்துகொண்டே விருந்தாளிகள் முன்னால் தலையாட்டியிருக்கிறார்.

"உங்கப்பா பெரிய திருடன்டி," என்றாள்.

"ஏம்மா?"

"ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் தண்ணி தெளிக்கச் சொல்லு."

மறுமாதம் வேலியை எடுத்துவிட்டார்கள். மாணவனுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. தையல்காரர் காலமாகி வெகுகாலம் ஆகிறது. மெஷின் மட்டும் மகள் வீட்டில் இருக்கிறது. அவளும் அங்கேதான் இருக்கிறாள். விருந்தாளிகள் அந்தக் கதையைக் கேட்டால், சரியாக ஞாபகமில்லை என்கிறாள். பரணில் சூட்கேஸ் கிடைத்தது. சாம்பல் நிறம். அந்த நிலத்தில் எப்போதாவது மழை பெய்கிறது. பெய்தால் எங்கும் பச்சை படர்கிறது, நடுவே இரண்டு பாதங்களும் ஒரு பெட்டியும் தவிர.