கடல் திறக்கும் வரை

ஹெரிங் மீன்கள் சீக்கிரம் முட்டையிட்டு முடிக்க வேண்டும் என்று ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மன்றாடிய ஒரே மனிதன் சூசைதாசன்தான். மீனில் அவனுக்கு அக்கறை இல்லை. வீட்டிலிருக்கும் விருந்தாளி கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

விருந்தாளியின் பெயர் அன்புராசா. யாழ்ப்பாணத்துக் குருநகரில் இருவரும் ஒரே வள்ளத்தில் போனவர்கள். சூசைதாசன் வள்ளம் ஓட்ட, பத்து வயது இளையவனான அன்புராசா வலை இழுத்தான். யுத்தத்தில் அந்த வள்ளம் எரிந்து, கனடாவுக்கு வந்த பிறகு சூசைதாசன் ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் சிவபாதத்தின் கடையில் மீன் வெட்டுகிறான். அன்புராசாவோ கிழக்குக் கரையிலிருக்கும் நோவா ஸ்கோஷியாவுக்குப் போய் ஒரு ஹெரிங் படகில் ஏறிக்கொண்டான். நாற்பதை நெருங்கியும் கலியாணம் இல்லை. வெயிலில் கறுத்த முகம், அகன்ற தோள். சூசைதாசனிடம் மிஞ்சியிருந்தது ஏப்ரனும் இடுப்புவலியும்.

கோடை முடிகிற நேரம் அங்கே கடலைப் பூட்டிவிட்டார்கள். ஹெரிங் முட்டையிட வரும் இடத்தில் வலை போடக் கூடாது என்று சட்டம். முந்தி கண்டபடி அள்ளியதில் மீன் அருகிவிட்டதாம். அதிகாரிகள் சில மீன்களை மட்டும் பிடித்து வயிற்றைக் கீறிப் பார்ப்பார்கள். சினை இருந்தால் தடை நீளும். மீறினால் படகின் உரிமமே போய்விடும். திறந்ததும் கூப்பிடுகிறேன் என்று கப்டன் அனுப்பிவிட, அன்புராசா ரொறன்ரோவுக்கு பஸ் ஏறினான்.

இரண்டு வாரம் தங்க வந்தவன். மீன்கள் ஒத்துழைக்கவில்லை. தடை நீண்டது. பிறகு மறுபடியும் நீண்டது.

சூசைதாசனின் மனைவி றீற்றா மன்னார்க்காரி. அவர்கள் கலியாணம் முடித்தது ரொறன்ரோவில். மே மாதம் ஊரில் யுத்தம் முடிந்து, தங்கை குடும்பம் அகதி முகாமுக்குள் போனதிலிருந்து அவள் சிரித்ததில்லை. பேக்கரி வேலைக்குப் போவாள், வருவாள், டிவிக்கு முன் இருப்பாள். சூசைதாசன் புதுச் சேலை வாங்கிக் கொடுத்துப் பார்த்தான். நயாகராவுக்குக் கூட்டிப்போனான். அருவியைப் பார்த்துவிட்டு, சரியான சத்தமாயிருக்கு, போவம் என்றாள்.

இப்போதோ வேலை முடிந்து அவன் லிப்டிலிருந்து வெளியே வரும்போதே அவள் சிரிப்பு கேட்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு. கதவைத் திறந்தால் நின்றுவிடுகிறது. அன்புராசா சோபாவின் ஒரு நுனியில் இருப்பான். றீற்றா கண்ணைத் துடைத்தபடி, தேத்தண்ணி போடவா என்பாள்.

"என்ன கதை போகுது?"

"சும்மா, கடல் கதை."

சூசைதாசனுக்குக் கடலே தெரியாதது போல அவள் சொன்ன அந்த 'சும்மா' அவனைச் சுட்டது. அன்று இரவுச் சாப்பாட்டில் பெரிய நண்டு அன்புராசாவின் தட்டில் விழுந்தது. அதையும் சூசைதாசன் கவனித்தான்.

கிழக்குக் கரையிலிருந்து மீன் ஏற்றிவரும் லொறிக்காரனைக் காலையில் மறித்து, திறந்துவிட்டார்களா என்று கேட்பதே அவன் முதல் வேலையாகிவிட்டது. சிவபாதத்துக்குக் குறும்பு தாங்கவில்லை.

"சூசை, உனக்கேன் உந்த மீனிலை இவ்வளவு பாசம்? பிள்ளைப்பேறு பாக்கிறவன் மாதிரி நிக்கிறாய்."

மூன்றாவது தடவையும் தடை நீண்டதாக லொறிக்காரன் சொன்ன நாளில் சூசைதாசனுக்குப் பொறுமை போயிற்று. மாலை வீட்டுக்குப் போனான். வாசலில் அதே சிரிப்பு. கதவைத் திறந்தான். அதே மௌனம்.

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னான். "அன்பு, கடல் திறந்திட்டாங்களாம். லொறிக்காரன் சொன்னவன்."

றீற்றாவின் முகம் சட்டென்று விழுந்தது. அதைப் பார்த்ததும் பொய் சொன்ன பயம் போய், அவனுக்கு எரிச்சல்தான் கூடியது.

"அப்ப கப்டனுக்கு ஒருக்கா அடிச்சுக் கேக்கிறன்" என்று அன்புராசா போனை எடுத்தான்.

இதை சூசைதாசன் யோசிக்கவில்லை. அன்புராசா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான், கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான், போனை வைத்தான். பிறகு சூசைதாசனை ஒரு கணம் பார்த்தான்.

"ஓம் அக்கா, திறந்திட்டுதாம். நான் வெளிக்கிடுறன்."

பையைக் கட்ட அதிக நேரம் ஆகவில்லை. லிப்டுவரை சூசைதாசன் கூடப்போனான்.

"அண்ணை, கடல் இன்னும் பூட்டுத்தான்" என்றான் அன்புராசா. "இஞ்சை பார்க்டேலிலை ஒரு சிநேகிதன் இருக்கிறான். அங்கை நிக்கிறன். அக்காவுக்குச் சொல்லாதேங்கோ."

"ஏன்ரா அங்கை பொய் சொன்னனி?"

"நீங்கள் சொன்னதை அக்காவுக்கு முன்னாலை எப்பிடி இல்லையெண்டுறது? நான் உங்கடை வள்ளத்திலை வந்தவன் எல்லோ."

லிப்ட் மூடிக்கொண்டது.

உள்ளே றீற்றா தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் கதவில் சாய்ந்து நின்று, அன்பு போனது உனக்குக் கவலையோ என்று கேட்டான். கேட்கக் கூடாது என்று நினைத்தபடியேதான் கேட்டான்.

"கவலைதான். கதை முடியேல்லை."

"என்ன பெரிய கதை?"

"உங்கடை கதைதான்." அவள் திரும்பவில்லை. "வலையிலை திருக்கை மீன் விழுந்து, அது இழுத்த இழுவையிலை நீங்கள் கடலுக்கை விழுந்து, இடுப்பிலை கட்டின சாரம் போய், வள்ளத்துப் பாய்ச்சீலையைச் சுத்திக்கொண்டு கரைக்கு வந்தனீங்களாம். கோயில் பெருநாளாம். ஊர்ச்சனம் முழுக்கக் கரையிலை நிண்டதாம். அதுக்குள்ளை நீங்கள் வந்திட்டியள்."

சூசைதாசன் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினான்.

"வந்த நாளிலிருந்து உங்கடை கதையைத்தான் சொன்னவர். வேறை ஆளைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லேல்லை. வள்ளம் எரிஞ்ச நாளிலிருந்து நீங்கள் கடல் எண்டு வாய் திறக்கிறேல்லை. அதுதான் உங்களைக் கண்டதும் நிப்பாட்டச் சொன்னனான். இப்பிடி ஒரு ஆளோடையோ நான் இவ்வளவு காலமும் இருந்தனான் எண்டு நினைச்சுச் சிரிச்சுக்கொண்டிருந்தன்."

அந்த ஆள்மீது சூசைதாசனுக்கு இப்போது பொறாமை வந்தது. இருபத்தைந்து வயதுச் சூசைதாசன். ஊரே பார்க்கப் பாய்ச்சீலையோடு கரையேறியவன். பார்க்டேலுக்கோ நோவா ஸ்கோஷியாவுக்கோ அவனை அனுப்பிவிட முடியாது.

"சாரம் போகேல்லை" என்றான் விறைப்பாக. "கிழிஞ்சதுதான். திருக்கையும் அவ்வளவு பெரிசில்லை."

"அவர் சொன்னது வள்ளத்திலை அரைவாசி அளவெண்டு."

"சின்னன்தான்."

"அவர் சொல்லேக்கை நல்லாயிருந்தது" என்றாள் றீற்றா. அதில் குறும்பு இல்லை. வெறும் உண்மைதான் இருந்தது. அவள் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். பழையபடி அதே இடம், அதே முகம்.

சூசைதாசன் கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பார்த்தான். பிறகு போனை எடுத்தான். அவளுக்குக் கேட்கும்படி உரத்தே சொன்னான்.

"அன்பு, எங்கை நிக்கிறாய்? பஸ் தரிப்பிலையோ? திரும்பி வா. கடல் பூட்டித்தான் கிடக்கு. நான்தான் பொய் சொன்னனான்."

றீற்றா டிவியிலிருந்து தலையைத் திருப்பினாள்.

"வந்து மிச்சக் கதையைச் சொல்லு" என்றான் சூசைதாசன். "ஆனால் நான் இருக்கேக்கை சொல்லு. அந்தத் திருக்கை என்ன அளவெண்டதை நான் சொல்லுவன்."