கல்லறைச் சுவருக்கு அந்தப் பக்கம்

இருபது வருடமாக ஞாயிறு தவறாமல், பூசை முடிந்த கையோடு, கடவுளால் ஆகாதது ஒன்றுமே இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எங்கள் கோயிலில் மறைக்கல்வி டீச்சர் நான்தான். வாரநாட்களில் அரியூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை. ஒருமுறை வகுப்பில் ஒரு வாண்டு எழுந்து, தன்னாலேயே தூக்க முடியாத கல்லைக் கடவுளால் செய்ய முடியுமா டீச்சர் என்று கேட்டது. பதில் தெரியாத கோபத்தில் அவனை முட்டி போட வைத்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். ஊருக்கே தெரியும்.

அப்பேர்ப்பட்ட டீச்சரின் தம்பி குழந்தை ஞானஸ்நானம் வாங்காமல் செத்துப்போனது. அதற்குக் காரணமும் நான்தான்.

தம்பி ஆரோக்கிய பிரகாஷுக்கும் ஜாய்ஸுக்கும் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்த பெண். செலின் என்று பெயர் வைப்பதாக இருந்தோம். பதினைந்தாம் நாளே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்றாள் ஜாய்ஸ். நான்தான் குறுக்கே விழுந்தேன். பெரிய தம்பி சகாய சுரேஷ் பிரான்சில் இருக்கிறான். அவன்தான் ஞானஸ்நானத்தில் குழந்தையை ஏந்தி நிற்கும் ஞானத்தகப்பன் என்று குழந்தை வயிற்றில் இருக்கும்போதே பேச்சு. அவனுக்கு லீவு டிசம்பரில்தான். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் இதே கதை. பிரான்சிலிருந்து ஆள் வந்து இறங்கினால்தான் கல்யாணம், புதுநன்மை, வீடு மந்திரிப்பு எதுவும் நடக்கும். கடவுள் காத்திருப்பார், ஃப்ளைட் டிக்கெட் காத்திருக்காது என்று சிரித்துக்கொண்டே சொன்னவள் நான்.

எழுபத்திரண்டாம் நாள் குழந்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே வைத்துப் பார்த்தார்கள். நன்றாகத்தான் பார்த்தார்கள், யாரையும் குறை சொல்வதற்கில்லை. நர்ஸ் என்னை ஒருமுறை உள்ளே விட்டாள். என் பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் நெற்றியில் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம். வருடா வருடம் நான் நடத்தும் பாடம் அது. பாட்டிலின் மூடியைத் திறக்கவும் செய்தேன். ஊற்றினால், இவள் பிழைக்கமாட்டாள் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று தோன்றியது. மூடியைத் திருகிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். விடியற்காலை ஐந்து மணிக்குச் செலின் போய்விட்டாள்.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நாலு பக்கமும் சுவர். உள்ளே இருப்பது சாமியார் ஜெபித்து மந்திரித்த மண். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைகளைக் கிழக்குச் சுவருக்கு வெளியே, கருவேல முள்ளு ஓரமாகப் புதைப்பது வழக்கம். அங்கே சிலுவை வைக்கமாட்டார்கள், ஜெபம் கிடையாது, சாமியாரும் வரமாட்டார். எங்கேயும் எழுதி வைத்த சட்டமில்லை. ரொம்ப காலமாக அப்படி ஒரு சாவு விழாததால் யாரும் அதைப் பற்றி யோசிக்கவுமில்லை.

காலையில் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் கிழக்குப் பக்கம் கொண்டுபோய் அடக்கம் பண்ணிவிடுவது நல்லது என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். பிரகாஷ் மாட்டுக்கொட்டாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஜாய்ஸ் மட்டும் குழந்தையை மடியிலிருந்து இறக்கவில்லை. யார் கை நீட்டினாலும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணி, செவுத்துக்கு வெளிய வெச்சா எம்புள்ள எங்க போவும்?"

வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் மடமடவென்று பதில் சொல்கிறவள் நான். அன்றைக்கு அவள் முந்தானை நுனியைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"உள்ள வெக்கிறதுன்னா குடுக்கறேன். வெளியன்னா குடுக்கமாட்டேன். யாரு வந்தாலும் குடுக்கமாட்டேன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் எழுந்து புடவையை இழுத்துச் செருகினேன். தண்ணீர் ஊற்றாமல் விட்டவள் நான். இனி இந்தக் குழந்தை ஓர் அடி கூட வெளியே நிற்கக்கூடாது, அதற்கு யார் காலில் விழவேண்டுமோ விழுவேன், யாருடன் சண்டை போடவேண்டுமோ போடுவேன் என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்தேன்.

முதலில் பங்குச் சாமியாருக்குப் போன் போட்டேன். வெளியூரில் தியானத்தில் இருந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன், பாட்டில் விஷயத்தையும் சேர்த்து. ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று பெற்றோர் நினைத்திருந்தால் போதும், ஆயரிடம் அனுமதி கேட்டு முறைப்படி அடக்கம் செய்யத் திருச்சபையிலேயே இடமிருக்கிறது என்றார். பதினோரு மணிக்குத் திரும்பக் கூப்பிட்டார். அனுமதி கிடைத்துவிட்டது, நாலு மணிக்கு வந்துவிடுவேன், ஊரில் மட்டும் தகராறு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதுதான் கஷ்டம் என்று அவருக்கும் தெரியும். கல்லறைச் சாவி இருப்பது சூசைநாதன் மாமா வீட்டில்.

சூசைநாதன் மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கல்லறைத் தோட்டத்தை முப்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறவர். சுவரை இரண்டு முறை பூசியவர், கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பே தனியாளாகப் புல் செதுக்குகிறவர். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற மனிதர். நான் போனபோது சட்டை போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மதலேனாள் அத்தை வாசற்படியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். ஆயர் அனுமதி, சாமியார் வருவது எல்லாவற்றையும் சொன்னேன். மாமா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, சாமியார்கள் ஐந்து வருடத்துக்கு ஒருவர் வருவார், போவார், கல்லறை ஊருடையது என்றார். தண்ணீர் வாங்காமலே உள்ளே போகலாம் என்றால் நாளைக்கு யார் ஞானஸ்நானம் வாங்குவார்கள் என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுபத்திரண்டு நாள் குழந்தை மாமா, அது என்ன வேண்டாமென்றா சொன்னது என்று குரலை உயர்த்தினேன்.

"கத்தாத டீச்சரு. எல்லாம் வல்லவருன்னு நீதான சொல்லிக்குடுக்கற? தண்ணி ஊத்தச் சொன்னது யாரு? அவருதான. அவரு போட்ட கட்டளைய அவரே மாத்துவாரா?"

"மாத்த வாணாம் மாமா. தண்ணி ஊத்துங்கன்னு நமக்குச் சொன்னாரு. நாம ஊத்தல, நான் ஊத்தல, அது என் தப்பு. நீங்க ஊத்தலன்னா என்னால ஒன்னும் ஆவாதுன்னு அவரு சொன்னாரா? கட்டளை நமக்கு. அவரு கைய நாம எப்படிக் கட்டறது?"

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததாக ஞாபகமில்லை. சொன்ன பிறகுதான் நானே அதைக் கேட்டேன். இருபது வருடம் சொல்லிக்கொடுத்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாக நம்பினேன் என்று சொன்னால் யாரும் சிரிக்கக்கூடாது.

மாமா எழுந்துவிட்டார். கோபம் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப என் புள்ள?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமாவுக்கு இரண்டு பெண்கள், இருவரையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அத்தை மொச்சை உரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

விஷயத்தை மாமா நின்றபடியே சொன்னார். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் முதல் பிள்ளை, ஆண். வீட்டிலேயே பிறந்து அரை மணி நேரம் இருந்தது. தண்ணீர் மொண்டு வருவதற்குள் போய்விட்டது. அப்போதிருந்த பெரியவர்கள் வெளியே என்றார்கள். இவர் மறு பேச்சுப் பேசவில்லை. பழைய வேட்டியில் சுற்றி, தானே தூக்கிக்கொண்டு போய், தானே குழி வெட்டி, கிழக்குச் சுவருக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார். வயலுக்கும் அன்றைக்கே போனார்.

"இன்னைக்கு உன் தம்பி புள்ள உள்ள போவலாம்னா, அன்னைக்கு என் புள்ளயும் உள்ள போயிருக்கலாம். அப்ப நான் எதுக்குடி அவன வெளிய வெச்சேன்?"

கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். நான் ஜெயித்தால் இந்த மனிதர் முப்பத்தெட்டு வருடம் சுமந்த ஒரே ஆறுதலும் போய்விடும். கட்டளைப்படி செய்தேன் என்பதுதான் அந்த ஆறுதல். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் வீட்டில் ஜாய்ஸ் முந்தானையால் குழந்தையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் திரும்பிப் போக முடியாது.

"வெளிய வெச்சது நாம மாமா. அவரு வெக்கல," என்றேன். "செவுரு நாம கட்டனது. அதுக்கு அந்தப் பக்கம் அவருக்குக் கை எட்டாதுன்னா, அவர எல்லாம் வல்லவருன்னு சொல்றதுக்கே நமக்கு வாய் இருக்கக்கூடாது. உங்க புள்ள அவருகிட்டதான் இருக்கு. அன்னைக்கே போயாச்சு."

மாமா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மதலேனாள் அத்தை முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தாள். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு, என்னைக்கூடப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

அத்தையே வந்து, உள்ளேதான் வைக்கப்போகிறோம் என்று சாவியைக் காட்டிய பிறகுதான் ஜாய்ஸ் குழந்தையைக் கொடுத்தாள். குளிப்பாட்டி, ஞானஸ்நானத்துக்கென்று சுரேஷ் பிரான்சிலிருந்து அனுப்பியிருந்த வெள்ளைக் கவுனைப் போட்டோம். கவுன் பெரிதாக இருந்தது. டிசம்பருக்கு அளவெடுத்து வாங்கியது. போனில் சுரேஷ் அழுதான். நான் அவனைத் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை.

நாலரை மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே குழி வெட்டியிருந்தது. ஊரில் சிலர் வரவில்லை. வந்தவர்களில் சிலர் வாசலோடு நின்றுவிட்டார்கள். சாமியார் செலின் என்று பெயர் சொல்லி ஜெபித்தார். பெட்டியை இறக்கும்போது ஜாய்ஸ் என் கையைப் பிடித்திருந்தாள். நான் தண்ணீர் ஊற்றாததை அவளிடம் அப்போதுதான் சொன்னேன். பாட்டில் திறந்ததையும் மூடியதையும் சொன்னேன். அவள் கையை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அப்போதுதான் நான் உடைந்து அழுதேன்.

மண் தள்ளி முடிக்கும் நேரத்தில் சூசைநாதன் மாமா வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கூட்டம் விலகி வழி விட்டது. அவர் சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்துப் பிரகாஷ் முன்னால் வந்து நின்றான். மாமா அவன் தோளைத் தட்டி ஒதுக்கிவிட்டு, ஒரு பிடி மண்ணை அள்ளிக் குழியில் போட்டார். பிறகு சாமியாரிடம் போய்க் கைகட்டி நின்றார்.

"ஃபாதர், செவுத்துக்கு அந்தாண்ட ஒன்னு இருக்கு. வந்து ஒரு ஜெபம் பண்ணுவீங்களா?"

சாமியார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எல்லோரும் வாசல் வழியாக வெளியே வந்து, சுவரைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போனோம். முள் மண்டிக் கிடந்தது. மாமா இங்கே நின்றார், அங்கே நின்றார், இடம் தெரியவில்லை. மதலேனாள் அத்தை நேராகப் போய், சுவர் மூலையிலிருந்து கொஞ்சம் தள்ளி, முள்ளே இல்லாத ஒரு சின்ன இடத்தில் நின்றாள். யாரோ நாளும் கிழமையும் வந்து சுத்தம் செய்கிற இடம் என்று பார்த்தாலே தெரிந்தது. மாமா அந்த மண்ணையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

சாமியார் புத்தகத்தைத் திறந்து, குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டார்.

"பேரு வெக்கல ஃபாதர்," என்றார் மாமா. "ஞானஸ்நானம் இல்லாத புள்ளைக்குப் பேரு வெக்கக்கூடாதுன்னாங்க."

"அருளப்பன்," என்றாள் அத்தை.

மாமா திரும்பினார். "எப்ப வெச்ச?"

"பொறந்தன்னைக்கு. அரை மணி நேரம் எங்கிட்டதான இருந்தான்."

"முப்பத்தெட்டு வருஷமா எங்கிட்ட நீ சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கல," என்றாள் அத்தை. "ஆண்டவருகிட்ட சொல்லிக்கினுதான் இருந்தேன்."

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். சாமியார் அருளப்பன் என்ற பெயரைச் சொல்லி ஜெபத்தை ஆரம்பித்தார்.