எண்ணிச் சொல்கிறவள்

எவாசியோவுக்குத் தன் காரைத் திட்டத் தெரியாது, மனைவியைத் திட்டாமல் இருக்கத் தெரியாது. அந்தச் சாம்பல் நிற லான்சியா அப்பியா கார் மேட்டில் முனகினால், "என்ன ராஜாத்தி, களைச்சுட்டியா?" என்று ஸ்டீயரிங்கைத் தடவிக்கொடுப்பான். பக்கத்தில் டெல்ஃபினா இருமினால், "அந்தப் பக்கம் திரும்பி இருமுடி, கண்ணாடியெல்லாம் எச்சில்" என்பான்.

டெல்ஃபினா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. மொன்ஃபெராட்டோ குன்றுகளில் வசந்தத்தில் நடக்கும் பழைய கார் போட்டியில் அந்தப் பக்கத்து இருக்கை அவளுடையது. வேகத்துக்கு அங்கே பரிசு கிடையாது. சாலையின் குறுக்கே ஒரு ரப்பர் குழாயைப் போட்டிருப்பார்கள். எந்த நொடியில் முன்சக்கரம் அதன்மேல் ஏறவேண்டும் என்று முன்பே விதித்திருப்பார்கள். முந்தினாலும் பிந்தினாலும் நொடியின் நூறில் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு தண்டனைப் புள்ளி. ஓட்டுகிறவனுக்குக் குழாயைப் பார்க்கவே கண் போதாது. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணிச் சொல்ல இன்னொரு ஆள் வேண்டும். அப்படி எண்ணுவதில் டெல்ஃபினாவை அடிக்க அந்த வட்டாரத்தில் ஆளே இல்லை. வருஷம் முழுக்க அவள் எவாசியோவின் மனைவி. அந்த ஒரு ஞாயிறு மட்டும் டெல்ஃபினா. பெரிய பெரிய கார்க்காரர்கள் தொப்பியைத் தொட்டு அவளுக்கு வணக்கம் சொல்வார்கள். அதற்காகத்தான் மீதி நாட்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

அன்று காலைச் சுற்றில் அவர்கள்தான் முதலிடம். மதியம் மொன்கால்வோ ஊரில் சாப்பாடு. இறைச்சி அடைத்த அக்னொலொட்டித் தட்டுகள் காலியாகி, பார்பெரா ஒயின் மறுபடி வந்ததும் எவாசியோ கிளாஸோடு எழுந்தான்.

"ஒரு சேதி சொல்லணும். அடுத்த வருஷம் எனக்கு எண்ணப் போறது நம்ம நோயெமி."

மருந்துக்கடைக்காரரின் மகள் நோயெமி, முப்பது வயது, வெட்கத்தோடு கையசைத்தாள்.

"காருக்கு வயசானா விலை ஏறுது. பெண்டாட்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லையே, நான் என்ன பண்ண?"

மேஜை முழுக்கச் சிரிப்பு. சிரித்தவர்களில் பாதிப் பேர் காலையில் தொப்பியைத் தொட்டவர்கள். ஓசி ஒயின் கிடைத்தால் எதற்கும் சிரிக்கிற கூட்டம் அது.

டெல்ஃபினா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் எங்க தப்பு பண்ணினேன்? ஒரே ஒரு தடவை சொல்லு."

"இன்னும் பண்ணல. பண்ணுறதுக்கு முன்னாடி எறங்கிட்டா உனக்குத்தான் மரியாதை. காது மந்தம், கை நடுக்கம், எல்லாம் வரிசையா வருமில்ல? உன் நல்லதுக்குச் சொல்றேன்டி."

"உன்னைவிட எனக்கு நாலு வயசு கம்மி."

"அதனாலதான் நான் எண்ண வரலியே, ஓட்டத்தானே செய்யறேன்!"

மறுபடியும் சிரிப்பு.

சாப்பாட்டுக்குப் பிந்தைய சுற்றில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கார் வளைந்து வளைந்து ஏறியது. எவாசியோ சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினான். இத்தனை வருஷம் என் குரலைக் கேட்டு ஜெயித்தவன் என் குரலாலேயே தோற்கட்டும் என்று டெல்ஃபினா நினைத்தாள். கடைசிக் குழாய் தேவாலயத்துக்குக் கீழே, இறக்கத்தில் கிடந்தது. குழாய்க்குச் சற்று முன்னால் நட்டிருக்கும் மஞ்சள் பலகையைத் தாண்டிவிட்டால் காரை நிறுத்தக்கூடாது. எண்ணுகிறவள் சொல்வதுதான் வேதவாக்கு.

"என்னடி, வாய் அடைச்சுப் போச்சா? சொல்லு!"

"அஞ்சு" என்றாள். சரியாக ஒரு நொடி தாமதம். அதன் பிறகு நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு, ஒவ்வொன்றும் அளந்து வைத்ததுபோல் விழுந்தது. "இப்போ!" சக்கரம் குழாயை அழுத்தியது. ஆயுசில் அவள் அவ்வளவு சுத்தமாக எண்ணியதில்லை.

ஊர்ச் சதுக்கத்தில் பலகையில் முடிவை ஒட்டினார்கள். முதலிடத்திலிருந்து பத்தொன்பதுக்குப் போயிருந்தார்கள். அவன் கத்துவான், தொப்பியை வீசி எறிவான், ஊரே வேடிக்கை பார்க்கும் என்று டெல்ஃபினா ஆசையோடு காத்திருந்தாள். எவாசியோ பலகையைப் படித்தான், திரும்பினான், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான்.

"பாவம், யாரும் அவளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றான். யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "மதியமே சொன்னேனில்ல? எல்லாருக்கும் வர்றதுதான்." தோளோடு சேர்த்து அவளை அணைத்துக்கொண்டான்.

அவள் உதறினாள். "வேணும்னே செஞ்சேன்! நீ தோக்கணும்னு ஒரு செகண்ட் தள்ளி ஆரம்பிச்சேன்!"

சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். வேறொரு காரில் எண்ணி, இத்தனை வருஷமாக அவளிடம் தோற்று இரண்டாமிடம் வாங்கிய லுயிஜினா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அம்மாவும் இப்படித்தான் டெல்ஃபினா. பாலைப் பொங்க விட்டுட்டு, வேணும்னேதான் விட்டேன்னு சொல்லுவா. அதனால என்ன, நாங்கல்லாம் இல்லையா?"

"பலகையைப் பாரு! சொச்சம்கூட இல்ல, சரியா ஒரு செகண்ட்! கை நடுங்குறவளுக்கு அப்படி வருமா?"

"வராது, வராதும்மா" என்றாள் லுயிஜினா, குழந்தைக்குச் சொல்கிற குரலில். நோயெமி எங்கிருந்தோ ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டாள்.

டெல்ஃபினாவிடம் இருந்த சொத்து, பிசகாமல் எண்ணுகிறவள் என்ற அந்தப் பெயர் ஒன்றுதான். எவாசியோ எவ்வளவு ஏசியும் அதில் ஒரு கீறல் விழவில்லை. அவளே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். இனி சத்தியம் பண்ணினாலும் அந்த ஊர் நம்பாது.

வீட்டுக்குத் திரும்பும்போது எவாசியோ அவளுக்குப் பின்கதவைத் திறந்துவிட்டான். முன்னிருக்கையில் கடிகாரத்தோடு நோயெமி, பழகிக்கொள்வதற்காக. வழியில் வந்த மைல்கல்லுக்கெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்றுகூடச் சரியாக விழவில்லை.

"பிரமாதம்!" என்றான் எவாசியோ ஒவ்வொரு தடவையும்.

"அரை செகண்ட் முந்திட்டா" என்றாள் டெல்ஃபினா பின்னாலிருந்து.

எவாசியோ கண்ணாடியில் அவளைப் பார்த்தான். இதுவரை காரிடம் மட்டுமே பேசிய அந்தக் கொஞ்சல் குரலில் சொன்னான்: "சரிம்மா, சரி. நீ கண்ணை மூடிப் படுத்துக்கோ."